குரல் தனி, இரைச்சல் தனி

அக்டோபர் 27, திங்கள்

இன்றும் திரையில் அதே பெட்டிதான் வந்தது. ஏதோ ஒரு ஃபைல் காணவில்லையாம், அதனால் புரோகிராமைத் தொடங்க முடியாதாம். மறுபடி நிறுவிப் பார்க்கவும் என்று கீழே ஒரு வரி. நிறுவினேன். மறுபடி அதே பெட்டி. 'சரி' என்ற பொத்தானைத் தவிர அதில் அழுத்துவதற்கு வேறொன்றும் கிடையாது. எதுவுமே சரியில்லாதபோது சரி என்று அழுத்தச் சொல்வது என்ன நியாயமோ.

புரோகிராம் இலவசம். ஒரு பாட்டையோ பேச்சையோ கொடுத்தால் குரலைத் தனியாகவும் மற்றச் சத்தத்தைத் தனியாகவும் பிரித்து இரண்டு ஃபைலாகத் தந்துவிடும். யூடியூபில் ஒருவர் செய்து காட்டினார். அவருக்கு ஓடியது. லேப்டாப் என் மகன் நவநீதன் காலேஜில் படித்தபோது வைத்திருந்தது. சென்னைக்கு வேலைக்குப் போனபோது புதிது வாங்கிக்கொண்டு இதை எனக்கு விட்டுப் போனான்.

நூல் மில்லில், நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் மேஸ்திரியாக இருந்தவன் நான். ஒரு கதிர் நின்றுபோனால் எந்தக் கதிர் என்று போய்ப் பார்க்கலாம், கையால் தொடலாம். இங்கே நின்றுபோனதன் பெயர் மட்டும் தெரிகிறது. பாதி எழுத்து, பாதி எண், கடைசியில் டிஎல்எல். தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

தண்ணீர் வந்தது, பிடித்தேன். சிலிண்டர்க்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். நான் பின்கட்டில் இருந்திருப்பேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நவநீதனுக்கு வாட்ஸ்அப்பில் பிரச்சினையை எழுதினேன். உங்களுக்கு எதுக்குப்பா அது என்று கேட்பான் என்று நானே முந்திக்கொண்டு, தெருச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பாட்டிலிருந்து குரலை எடுக்க வேண்டும், ஆட்கள் பாடுவார்கள் என்று சேர்த்தேன். ஒரு காரணம் வேண்டுமே.

பதில் குரல் செய்தியாக வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரே இரைச்சல். "அப்பா... அது வந்து... போட்டுட்டு... அறுபத்தி..." அவ்வளவுதான் பிடிபட்டது. எழுதி அனுப்புய்யா என்று கேட்டேன். அதற்கும் குரல் செய்திதான். எழுத நேரமில்லப்பா என்றான். அதை அடிக்கடி சொல்வதால் அது மட்டும் புரிந்தது.

அவன் செய்திகளில் இருக்கும் இரைச்சலை எடுக்கத்தான் எனக்குப் புரோகிராம் வேண்டும். புரோகிராமைச் சரிசெய்யும் வழியோ அந்த இரைச்சலுக்குள் கிடக்கிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல ஆள் இல்லாதது நல்லதாயிற்று.

என் காதில் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துப் போன்களில் சத்தம் சரியாக வருவதில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கரண்ட் இல்லை. நேற்றைய புளிக்குழம்பு.

நவம்பர் 1, சனி

காணாமல் போன ஃபைலின் பெயரைப் போட்டுத் தேடினேன். அதை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று ஒரு வலைத்தளம் சொன்னது. இறக்கிப் புரோகிராம் இருக்கும் இடத்திலேயே போட்டேன். பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்தது: சரியாகத் தொடங்க முடியவில்லை, பக்கத்தில் என்னவோ எண். அதற்குப் பிறகு எதைத் திறந்தாலும் விளம்பரங்கள். அவற்றை விரட்டவே மதியம் போய்விட்டது.

மார்க்கெட்டில் சுப்புராஜைப் பார்த்தேன். மில்லில் என்னோடு இருந்தவன். ஏன் கிரவுண்டுக்கு நடக்க வருவதில்லை என்று கேட்டான். முட்டுவலி என்றேன். நாலைந்து பேர் ஒன்றாய்ப் பேசிக்கொண்டே நடப்பார்கள், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒத்துவரவில்லை.

நவம்பர் 5, புதன்

பஞ்சு மார்க்கெட் பக்கம் முனீஸ்வரி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பென்ஷன் வேலைக்கெல்லாம் அவளிடம்தான் போவது. நிமிர்ந்து முகம் பார்த்து, நிறுத்திப் பேசுவாள். நல்ல பழக்கம்.

"அண்ணாச்சி, இந்த ஒத்த ஃபைல எங்க பிடிச்சீங்க?"

"நெட்லதாம்மா."

"இப்படி எங்க கெடந்தாலும் எடுத்துப் போடக் கூடாது. வைரஸ் வந்துரும். அதோட, உங்க புரோகிராமு அறுபத்திநாலு பிட்டு. நீங்க போட்டிருக்கது முப்பத்திரண்டு. ரெண்டும் ஒட்டாது."

அறுபத்தி என்று நவநீதன் சொன்னது இதைத்தான்.

அவள் இன்னும் சொன்னாள். காணாமல் போன ஃபைல் அந்தப் புரோகிராமுக்குச் சொந்தமானதே இல்லையாம். பல புரோகிராம்களுக்கும் பொதுவாகக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய லைப்ரரியாம். எங்கள் மில்லில் ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பேரிங் வாங்கி வைக்காது, பொது ஸ்டோரில் போய் எடுத்துக்கொள்ளும். அதுபோல. ஸ்டோரே பூட்டிக் கிடக்கும்போது ஒரு பேரிங்கைத் திருடிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன் நான். அவள் என் ஃபைலை அழித்து, முழுத் தொகுப்பையும் அதன் சொந்த இடத்திலிருந்து இறக்கிப் போட்டாள். புரோகிராம் திறந்தது.

நவம்பர் 6, வியாழன்

திறக்கிறது, ஓடவில்லை. நவநீதனின் செய்திகளைப் போனிலிருந்து மாற்றி ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தால் பாதியில் நின்று, ஃபைலைக் காணோம் என்கிறது. கண்ணெதிரே இருக்கிற ஃபைல்.

மறுபடி முனீஸ்வரி. பார்த்த உடனே சொன்னாள். "ஃபோல்டருக்குத் தமிழ்ல பேரு வச்சிருக்கீங்க. இந்தப் புரோகிராமுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

நான் வைத்திருந்த பெயர் 'மகன் குரல்'. அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளிடமும் பொங்கல் கதையைத்தான் சொல்லியிருந்தேன். "பொங்கலுக்குப் பாட்டுன்னீங்களே அண்ணாச்சி?"

"அதுவும் இருக்கு," என்றேன்.

இங்கிலீஷில் வெறும் ஒன்று, இரண்டு என்று மாற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 8, சனி

ஓடிவிட்டது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரல் என்று வந்த ஃபைலைத் திறந்தேன். "அப்பா, சாப்டீங்களா?" என்றான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எல்லாச் செய்தியும் சாப்டீங்களா என்றுதான் தொடங்குகிறது. இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், நான் ஒரு தடவைகூட அதற்குப் பதில் எழுதியதில்லை. சரிப்பா, நல்லது, கும்பிடு பொம்மை, இவைதான் என் பதில்கள்.

இன்று எழுதினேன்: சாப்பிட்டேன். ரசம், உருளைக்கிழங்கு. நீ?

"என்னப்பா புதுசா?" என்று பதில் வந்தது. அதையும் பிரித்துத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

நவம்பர் 10, திங்கள்

செய்தி வந்தால் போனிலிருந்து எடுத்து, கொடுத்து, காத்திருந்து, கேட்பது. காத்திருக்கும் நேரத்தில் அரிசி களைந்துவிடலாம். ஆபீஸில் ஒரே வேலை என்றான். குரல் நன்றாக இருக்கிறது, லேசாகச் சளி. இஞ்சி போட்டுக் குடி என்று எழுதினேன். எப்படிப்பா தெரிஞ்சது என்று கேட்டான்.

நவம்பர் 13, வியாழன்

இரைச்சல் போன பிறகு, அவன் குரலுக்கு அடியில் இன்னொரு குரலும் கேட்கிறது. எட்ட நின்று யாரோ சொல்கிறார்: "தம்பி, டெலிவரின்னா பின்னாடி கேட் வழியா போ. லிஃப்ட்ல ஏறாத." அதற்கு நவநீதன், "சரிண்ணே." பிறகு என்னிடம், "மீட்டிங் போறேன்பா, வச்சிர்றேன்."

ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எவனையோ வாட்ச்மேன் சொல்லியிருப்பார். நவநீதன் பக்கத்தில் நின்றதால் வழிவிட்டு, சரிண்ணே என்றிருப்பான். மரியாதை தெரிந்த பிள்ளை.

வெந்நீர் வைக்க மறந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாவது ஃபைலை இதுவரை திறந்ததில்லை. குப்பை என்று அழித்துக்கொண்டிருந்தேன். இன்று திறந்தேன்.

பேச்சுத்தான் எனக்கு வழுக்கிப் போகும், இயந்திரச் சத்தம் நன்றாகக் கேட்கும். பைக். ஹாரன்கள். காற்று. நடுவில் போனில் ஒரு மணி, டிங்டிங் என்று இரண்டு தரம். இதற்கு முந்தைய செய்தியைப் பிரித்தேன். அதே பைக், அதே மணி. அதற்கு முந்தையதிலும். சிக்னலில் நிற்கிறது, கிளம்புகிறது. கிளம்பும்போது கடகடவென்று ஒரு அடி. செயின் தளர்ந்திருக்கிறது. வண்டியைப் பார்க்காமலே சொல்வேன்.

ஆபீஸுக்குப் பைக்கில் போகிறான்போல.

செயினை இறுக்கச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? வண்டி வைத்திருக்கிறேன் என்று அவன் என்னிடம் சொன்னதில்லை. 'யாராவது நண்பர் பைக் வைத்திருந்தால் செயினைப் பார்க்கச் சொல்' என்று எழுதி, அழித்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

பழைய செய்திகள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். ஆனி வரைக்கும் எழுத்தாகத்தான் அனுப்பியிருக்கிறான். ஆடியிலிருந்துதான் குரல். எழுத நேரமில்லப்பா என்பதும் ஆடியிலிருந்துதான். கை சும்மா இருந்தால்தானே எழுத.

வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "சூப்பரா போவுதுப்பா." பிரித்துக் கேட்டபோது, அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் இழுத்த மூச்சும் கேட்டது.

அந்தப் புரோகிராம் திறக்காமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் 21, வெள்ளி

இல்லை. திறந்தது நல்லதுதான்.

நவம்பர் 26, புதன்

சென்னைப் பக்கம் மழை என்று டிவியில் ஓடுகிறது. இங்கே மூட்டமாக மட்டும் இருக்கிறது. மலை தெரியவில்லை.

மழையாக இருந்தால் வெளியே போகாதே என்று எழுதினேன். "ஆபீஸுக்குள்ள எங்கப்பா மழை?" என்றான்.

டிசம்பர் 1, திங்கள்

சென்னையில் கனமழை. முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடப்பதை டிவியில் காட்டினார்கள். ஒவ்வொரு பைக்காகப் பார்த்தேன்.

மதியம் வந்த செய்தி: "சாப்டீங்களாப்பா? நான் ஆபீஸ்ல பத்திரமா இருக்கேன். டிவி பாத்துப் பயப்படாதீங்க."

மற்ற ஃபைலில் தண்ணீர். சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். இஞ்சின் இருமி நின்றது. உதைக்கிறான், பிடிக்கவில்லை. மறுபடி உதைக்கிறான். அங்கே செய்தி முடிந்துவிட்டது. கிளம்பியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று எழுதினேன். அனுப்பவும் செய்தேன். ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்னும் ஒரு டிக்தான். கூப்பிட்டால் போகவில்லை. சமைக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் போன் வந்தது. தெரியாத எண். மேஜைமேல் அதிர்ந்ததால் பார்த்தேன். ஒரு ஆண் குரல். பின்னால் கூட்டமும் பாத்திரச் சத்தமும். "நவநீ" என்பது மட்டும் விழுந்தது. பிறகு ஏதேதோ. "ஆஸ்..." என்று ஒரு சொல். என்ன, என்ன என்று கத்தினேன். அந்த ஆளும் கத்தினார். அவர் கத்தக் கத்த எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என் மகனைப் பற்றிய செய்தி என் காதுக்குள் வந்து, இரைச்சலாகக் கொட்டிவிட்டுப் போயிற்று. இதைப் பிரித்துக் கேட்கவும் முடியாது, பதிவில் இல்லை.

செருப்புப் போடாமல் பஞ்சு மார்க்கெட்டுக்கு ஓடினேன். முனீஸ்வரி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன்.

"நீ பேசும்மா. எனக்குக் காது கேக்காது."

அந்தச் சொல்லை இதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும் அண்ணாச்சி," என்றாள். "உக்காருங்க."

அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டு அவள் பேசும்போது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறுகியது, பிறகு தளர்ந்தது. போனை மூடாமலே என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "உயிருக்கு ஒண்ணும் இல்ல. முந்தாநாள் மழையில வண்டியோட விழுந்துட்டாப்ல. தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில இருக்காப்ல. போனு தண்ணியில போயிருச்சு. உங்க நம்பர் ஞாபகம் இருந்து, இவர்கிட்ட சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்காப்ல."

"இவரு யாரும்மா?"

கொஞ்சம் தயங்கினாள். "சையதுன்னு சொல்றாரு. கூட... டெலிவரிக்கு ஓட்டுறவராம்."

"ஆமா," என்றேன். "எனக்குத் தெரியும்."

அவளே வீடுவரை வந்து, அடுப்பு, மோட்டார் எல்லாம் அணைத்திருக்கிறதா என்று பார்த்தாள். சாவியை அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

பார்த்துவிட்டேன். இளைத்திருக்கிறான். தாடி. வலது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக் கிடக்கிறது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். தள்ளுவண்டி, டம்ளர், குழந்தை அழுகை, ஃபேன். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்தீங்க?" அதை உதட்டில் வாசித்தேன்.

"செயினா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"செயின் அறுந்தா விழுந்த?"

"இல்லப்பா. தண்ணிக்குள்ள பள்ளம் தெரியல." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "செயின் லூஸுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். புரோகிராமை எதற்காக இறக்கினேன் என்பதிலிருந்து வாட்ச்மேன் குரல் வரைக்கும் சொன்னேன். பொங்கல் விழாவும் கிடையாது, பாட்டும் கிடையாது என்றேன். இரைச்சல் இருந்தால் பேச்சு பிடிபடுவதில்லை, மில்லில் இருக்கும்போதே தொடங்கியது, இப்போது கூடிவிட்டது என்றேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்ப்பதை விட்டுச் சுவரைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஏன்யா மறைச்ச?" என்று கேட்டேன். "வேலை போனா போவுது. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னான். இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு என்றேன். திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"சொன்னேன்பா."

"எப்ப?"

"ஆடியில. வேலைய விட்டு அனுப்பின அன்னைக்கே. ரோட்டோரமா நின்னு உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். வேலை போயிருச்சுப்பா, ஊருக்கு வந்துரட்டுமான்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. ரொம்ப சந்தோஷம்யா, இப்படியே நல்லா இருன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க."

அந்தப் போன் எனக்கு நினைவிருக்கிறது. பஸ் சத்தத்துக்கு நடுவில் வேலை என்ற சொல் மட்டும் கேட்டது. அவன் குரல் உயர்ந்து உயர்ந்து வந்ததைக் கேட்டு, பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்கும் சுப்புராஜுக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். கேட்காத இடத்தில் சந்தோஷம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருந்தேன்.

"கோபத்துல சொல்றீங்கன்னு நெனச்சேன்," என்றான். "மறுநாள் யோசிச்சா, கேக்கலையோன்னும் தோணுச்சு. ஆனா ரெண்டாவது தடவ சொல்ல வாய் வரலப்பா."

போர்வையைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"இப்பச் சொல்லு," என்றேன்.

"இப்பதான் எல்லாம் தெரியுமே."

"நீ சொல்லலையே. சொல்லு."

தள்ளுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தான். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"வேலை போயிருச்சுப்பா. ஊருக்கு வந்துரட்டுமா?"

"கேட்டுச்சு," என்றேன். "வாய்யா. போவோம்."

அடிபடாத தோளில் கை வைத்தேன். அவன் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்கியது கைக்குத் தெரிந்தது.